பகிடியும் பயமும்: நாவலிலிருந்து வந்த உளவுப் படத்தை விமர்சிப்போர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படம் பார்த்துவிட்டு எழுதும் இளைஞர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். சவோய் படமாளிகையில் பார்த்தாலும் சரி, வீட்டில் கைபேசியில் பார்த்தாலும் சரி, பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும், வாசிப்புக் கூட்டத்தில் கதைக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. குடும்பப் படம், காதல் படம், அடிதடிப் படம் என்றால் அவர்கள் தடுமாறுவதில்லை. உளவாளிகளை வைத்து எள்ளலாகக் கதை சொல்லும் படம், அதுவும் ஒரு நாவலிலிருந்து எடுத்த படம் என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது. சிரிக்க வேண்டிய படமா, பயப்பட வேண்டிய படமா? நாவலோடு ஒப்பிட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? இந்தத் தடுமாற்றம் நம்மவர்க்கு மட்டும் உரியதல்ல. 1960இல் லண்டனிலும் நியூயோர்க்கிலும் பேர்பெற்ற விமர்சகர்களே இதில் தடுமாறினார்கள்.

கீழே உள்ள குறிப்புகளை மூன்று படைப்புகளை முன்னால் வைத்து எழுதியிருக்கிறேன். முதலாவது, கிரஹாம் கிரீன் 1958இல் எழுதி, கரோல் ரீட் 1959இல் படமாக்கிய 'ஹவானாவில் நம் ஆள்'. இரண்டாவது, குமுதத்தில் சுஜாதா தொடர்கதையாக எழுத, ராஜசேகர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1986இல் வந்த 'விக்ரம்'. மூன்றாவது, வியட் தான் நுயென் 2015இல் எழுதி அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்று, 2024இல் ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வந்த 'தி சிம்பதைசர்'. மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. ஆனால் மூன்றையும் பார்த்தவர்கள் தொனியைப் பற்றித்தான் அதிகம் சண்டை பிடித்தார்கள்.

செய்யுங்கள்: சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று முதலில் கேளுங்கள்

எள்ளல் படத்தை எடைபோட இதைவிட நல்ல கேள்வி இல்லை. 'ஹவானாவில் நம் ஆள்' படத்தின் நாயகன் வோர்மோல்ட் தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்பவன். மகளின் செலவுக்குப் பணம் போதவில்லை. பிரித்தானிய உளவுத்துறை அவனைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறது. அவனுக்கு உளவு பார்க்கத் தெரியாது. கிளப் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து, இவர்கள் எல்லாரும் என் ஒற்றர்கள் என்று எழுதி அனுப்புகிறான். மலைக்குள் இரகசிய ஆயுத நிலையம் இருப்பதாகச் சொல்லி, தான் விற்கும் இயந்திரத்தின் பாகங்களையே பெரிதாக வரைந்து அனுப்புகிறான். லண்டன் நம்புகிறது. சம்பளம் வருகிறது, செலவுப்பணம் வருகிறது, உதவிக்குச் செயலாளரும் வருகிறார்.

இங்கே பார்வையாளர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? வறுமையில் பொய் சொன்ன கடைக்காரனையா? அவனைப் பார்த்தும்தான். ஆனால் சிரிப்பின் முழுப் பாரமும் மேலே இருப்பவர்கள் மேல் விழுகிறது. தெளிவான ஒரு வரைபடத்தைப் பார்த்தும் அது வீட்டுச் சாமான் என்று கண்டுபிடிக்க முடியாத அதிகாரிகள், கண்டுபிடித்தாலும் சொல்ல விரும்பாத அதிகாரிகள். கிரீன் இதைக் கற்பனையில் மட்டும் பிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அவர் பிரித்தானிய உளவுத்துறையில் வேலை செய்தவர். போர்த்துக்கல் தொடர்பான பிரிவில் இருந்தபோது, இல்லாத ஒற்றர்களின் பெயரில் பொய் அறிக்கை அனுப்பிப் பணம் வாங்கிய ஆட்களைப் பற்றி அறிந்திருந்தார். உள்ளே இருந்து வந்த சிரிப்பு அது. உங்கள் விமர்சனத்தில் இந்த ஒரு செய்தியைச் சேர்த்தாலே வாசகர் படத்தை வேறு கண்ணால் பார்ப்பார்.

இதே கேள்வியை 'தி சிம்பதைசர்' தொடரிடமும் கேளுங்கள். தென் வியட்நாம் இராணுவத்துக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் உளவாளி ஒருவன் அமெரிக்காவுக்கு அகதியாகப் போகிறான். அங்கே வியட்நாம் போரைப் பற்றிய ஹொலிவூட் படமொன்றுக்கு ஆலோசகராகிறான். அந்தப் படத்தில் வியட்நாமியருக்குப் பேச ஒரு வசனம்கூட இல்லை. சிரிப்பு எங்கே விழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் நுயென் தன் சொந்தச் சமூகத்தின் ஜெனரல்களையும் புரட்சிக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. தன் பக்கத்தாரைப் பார்த்தும் சிரிக்கத் துணிந்தவருக்குத்தான் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி உண்டு என்பது என் எண்ணம். ஈழத் தமிழ்ப் புனைகதையிலும் அந்தத் துணிவு உண்டு, அதற்கு வசவும் உண்டு.

செய்யாதீர்கள்: 'முற்பாதி பகிடி, பிற்பாதி சோகம், தொனி குலைந்துவிட்டது' என்று எழுதி முடிக்காதீர்கள்

'ஹவானாவில் நம் ஆள்' வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் சொன்ன குறை இதுதான். தொடக்கத்தில் துள்ளும் நகைச்சுவை, போகப் போகக் கறுத்துவிடுகிறது, நகைச்சுவையாகவும் நிற்காமல் திகிலாகவும் நிற்காமல் நடுவில் தொங்குகிறது என்றார்கள். இன்றும் அந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

கதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வோர்மோல்ட் கற்பனையாக எழுதிய பெயர்கள் உண்மையான மனிதர்களின் பெயர்கள். எதிர்த்தரப்பு அந்தப் பட்டியலை நம்புகிறது. அந்தப் பெயர்களை உடையவர்கள் சுடப்படுகிறார்கள், சாகிறார்கள். தாங்கள் ஒற்றர்கள் என்று குறிக்கப்பட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வோர்மோல்டின் அருமை நண்பரான முதிய மருத்துவர் ஹஸல்பாக்கரும் தப்பவில்லை. படம் கறுத்துப்போவது இந்த இடத்திலிருந்துதான். இது திரைக்கதை தடுக்கி விழுந்ததால் வந்த கறுப்பு அல்ல. முற்பாதியில் நாம் சிரித்த அதே பொய்தான் பிற்பாதியில் ஆளைக் கொல்கிறது.

லண்டன் விமர்சகருக்கு இது கதைத் திருப்பம். கொழும்பில் வாழும் தமிழருக்கு இது கதைத் திருப்பம் மட்டும்தானா? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. அதன் பின் நம் வீடுகளில் பெயர் என்றால் என்ன, பட்டியல் என்றால் என்ன என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தலையாட்டி ஒருவரின் தலை அசைவில் வாழ்க்கை மாறிப்போன குடும்பங்கள் எத்தனை! பொலிஸ் பதிவுத் துண்டில் பெயர் இல்லாததால் ஓரிரவு உள்ளே இருந்தவர்கள் காலி வீதியின் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை எழுப்பி, பேருந்தில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. விடுதிப் பதிவேட்டில் எழுதிய பெயரே அன்று போதுமாயிருந்தது.

இந்த அனுபவத்தோடு அந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவர், பொய்ப் பட்டியல் அனுப்பப்படும் காட்சியில் லண்டன்காரர் சிரித்த அளவுக்குச் சிரிக்கமாட்டார். பிற்பாதியில் அவரைப்போல் அதிர்ச்சியடையவும்மாட்டார். அவருக்குத் தொனி குலையாது. இதை எழுதுங்கள். இந்தப் படத்தைப் பற்றி நம்மால் மட்டும் சொல்லக்கூடியது இது.

தொனி மாற்றம் எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. காரணத்தோடு வரும் மாற்றத்தையும் கைதவறி வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டுவதுதான் விமர்சகரின் வேலை. அதற்கு 'விக்ரம்' நல்ல உதாரணம். அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. நாயகனின் மனைவி கொல்லப்படுகிறாள். சத்யராஜின் சுகிர்தராஜா அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் கண்டிராத அமைதியான வில்லன். முற்பாதி இறுக்கமாகப் போகிறது. பிறகு கதை சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறது. அம்ஜத்கான் சுல்தானாக வருகிறார், டிம்பிள் கபாடியா இளவரசியாக வருகிறார், ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக வந்து சிரிக்க வைக்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் மனைவியை இழந்தவனின் துயரம் எங்கே போனது? ஏவுகணையின் ஆபத்து எங்கே போனது? சலாமியாவில் எதைப் பார்த்து எள்ளுகிறோம்? அங்கே எள்ளலுக்கு இலக்கே இல்லை, ஆடம்பர அரங்கம்தான் இருக்கிறது. வோர்மோல்டின் பொய்யைப்போல முற்பாதியிலிருந்து பிற்பாதிக்குக் கடந்துவரும் ஒரு சரடு 'விக்ரம்' படத்தில் இல்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது தொனி குலைந்தது என்று தயங்காமல் எழுதலாம்.

செய்யுங்கள்: சிரிப்புக்காகப் படைப்பாளி எதை ஒதுக்கி வைத்தார் என்றும் பாருங்கள்

'ஹவானாவில் நம் ஆள்' நாவல் வெளிவந்து மூன்று மாதம் ஆகுமுன், 1959 ஜனவரியில் கியூபாவில் பட்டிஸ்டாவின் ஆட்சி விழுந்து பிடல் காஸ்ட்ரோ வந்தார். அதே ஆண்டு படக்குழு ஹவானாவுக்குப் போனது. படப்பிடிப்பைப் பார்க்கக் காஸ்ட்ரோவே வந்தார். படத்தில் நடித்த அலெக் கின்னஸ், மோரீன் ஓஹாரா ஆகியோரோடு அவர் நிற்கும் படங்கள் உண்டு. ஆனால் புதிய அரசின் அதிகாரிகள் திரைக்கதையைப் படித்துவிட்டுத் திருத்தங்கள் கேட்டார்கள். பட்டிஸ்டாவின் பொலிஸ் செய்த கொடுமை போதிய அளவு காட்டப்படவில்லை என்பது அவர்களின் மனக்குறை. படத்தின் தொடக்கத்தில், இது அண்மைய புரட்சிக்கு முந்திய கியூபா என்று ஒரு அறிவிப்பும் போட வேண்டியிருந்தது.

தணிக்கை என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது எளிது. கிரீன் தள்ளவில்லை. பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, பிரித்தானிய உளவுத்துறையைக் கேலி செய்யும் ஆர்வத்தில் பட்டிஸ்டா ஆட்சியின் பயங்கரத்தைத் தான் குறைத்துக் காட்டிவிட்டதாகக் கியூபாவின் புதிய ஆட்சியாளர்கள் கருதியதை அவரே எடுத்துச் சொன்னார். சித்திரவதை செய்யும் பொலிஸ் அதிகாரி செகுராவைப் பாருங்கள். மனிதத் தோலால் செய்த சிகரட் பெட்டி வைத்திருப்பவன் அவன். படத்தில் எர்னி கோவாக்ஸ் அவனை அவ்வளவு கவர்ச்சியாக நடித்திருக்கிறார். விமர்சகர்கள் பாராட்டிய நடிப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பெட்டி கதையில் ஒரு விநோதப் பொருளாகவே நின்றுவிடுகிறது.

என் தீர்ப்பு இதுதான்: படத்தின் உண்மையான குறை பிற்பாதி கறுத்தது அல்ல, போதிய அளவு கறுக்காததுதான். ஒரே படத்தைப் பற்றி, தொனி மாறியது சரி என்றும், அந்த மாற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றும் ஒரே விமர்சனத்தில் எழுதலாம். இரண்டுக்கும் முரண் இல்லை.

செய்யாதீர்கள்: நாவலில் இருந்தது, படத்தில் இல்லாதது என்று பட்டியல் போடாதீர்கள்

நாவல் படித்தவருக்கு வரும் முதல் ஆசை இது. இதை அடக்குங்கள். சுஜாதாவின் 'ப்ரியா' லண்டனில் நடக்கும் கதை. 1978இல் எஸ்.பி. முத்துராமன் எடுத்த படம் சிங்கப்பூருக்குப் போனது. இடம் மாறியதைச் சொல்லி அழுவதால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. புத்திக்கூர்மையால் ஆளைப் பிடித்து வைத்திருந்த வழக்கறிஞர் கணேஷ், ரஜினிகாந்தின் பாட்டுக்கும் சண்டைக்கும் இடம் கொடுக்கப் போய் எதை இழந்தார் என்று கேளுங்கள். அந்த இழப்புக்கு ஈடாகப் படம் வேறு எதையாவது தந்ததா என்றும் கேளுங்கள். இளையராஜாவின் இசை தந்தது என்று நான் சொல்வேன். நீங்கள் மறுக்கலாம்.

நம் நாட்டிலேயே செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வீரகேசரி பிரசுரமாக வந்து, 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமானது. அது உளவுக் கதை அல்ல. ஆனாலும் ஈழத்து நாவலொன்று படமாகும்போது என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

'ஹவானாவில் நம் ஆள்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் கிரீன்தான். நாவலாசிரியரே எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் படம் நல்ல மருந்து. வசனங்கள் நாவலில் இருந்தபடியே வருகின்றன. நாவலின் உள்மனக் குரல் வரவில்லை. எழுத்தில் வோர்மோல்டின் தயக்கமும் குற்றவுணர்வும் நம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் அதை முகம் சுமக்க வேண்டும்.

செய்யுங்கள்: நடிப்பைப் பற்றி எழுதும்போது அது யார் எடுத்த முடிவு என்று விசாரியுங்கள்

மேலே சொன்ன முகம் அலெக் கின்னஸின் முகம். அவர் இந்தப் படத்தில் உயிரில்லாமல் நடித்தார், சப்பென்றிருந்தார் என்று அன்று சிலர் எழுதினார்கள். கின்னஸ் தன் நினைவுகளில் எழுதியது வேறு. ஒழுங்கற்ற தோற்றமும் அப்பாவித்தனமும் தோல்வியும் கலந்த ஒரு ஆளாக வோர்மோல்டை நடிக்கத் தான் எண்ணியிருந்ததாகவும், கரோல் ரீட் அதெல்லாம் வேண்டாம், சும்மா இரு, நடிக்காதே என்ற பொருளில் சொன்னதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஆக, வெறுமையாக இருக்கும் அந்த முகம் இயக்குநரின் தெரிவு. அதைச் சரி என்றோ பிழை என்றோ சொல்லலாம். நான் சரி என்பேன். சுற்றிலும் நோயல் கவர்ட், ரால்ஃப் ரிச்சர்ட்சன், எர்னி கோவாக்ஸ் என்று எல்லாரும் மினுங்கும்போது, நடுவில் ஒருவர் மங்கலாக இருந்தால்தான் அவர் பொய்யை எல்லாரும் நம்புவது நம்பும்படியாக இருக்கும்.

'தி சிம்பதைசர்' தொடரில் இதற்கு நேர்மாறான சர்ச்சை. உளவுத்துறை ஆள், பேராசிரியர், அரசியல்வாதி, சினிமா இயக்குநர் என்று பல அமெரிக்கர்களாக ரொபர்ட் டவுனி ஜூனியர் ஒருவரே வருகிறார். கவனம் முழுவதும் அவர் ஒப்பனையின் மேல் போகிறது, வியட்நாமியரின் கதை பின்னுக்குப் போகிறது என்று சிலர் எழுதினார்கள். அதிகாரத்தின் முகம் எத்தனை உடுப்பு மாற்றினாலும் ஒன்றுதான், அதுதான் அந்தத் தொடரின் எள்ளல் என்று வேறு சிலர் எழுதினார்கள். இரு தரப்பும் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் நாயகனாக நடித்த ஹோவா சுவாண்டேயைப் பற்றி இரண்டு வரியும் டவுனியைப் பற்றி இரண்டு பந்தியும் எழுதிய விமர்சனங்கள், தொடர் எதைச் சுட்டிக்காட்டியதோ அந்தப் பிழையையே செய்தன. நீங்கள் செய்யாதீர்கள்.

செய்யாதீர்கள்: நடிப்பவரின் உடலைப் பற்றி எழுதாதீர்கள்

இதற்கும் கிரீனிடமே பாடம் இருக்கிறது. நாவலாசிரியராகப் புகழ்பெறும் காலத்தில், 1930களில், அவர் திரைப்பட விமர்சகராக இருந்தார். கூர்மையானவர், பயமில்லாதவர். 1937இல் 'நைட் அண்ட் டே' என்ற சஞ்சிகையில் குழந்தை நடிகை ஷேர்லி டெம்பிள் நடித்த படமொன்றை விமர்சித்தார். அந்தச் சிறுமியின் உடல் முதியவர்களைக் கவரும்படி காட்டப்படுவதாக அவர் எழுதிய விதம் வழக்கில் முடிந்தது. படக் கம்பனியும் குழந்தையின் தரப்பும் அவதூறு வழக்குப் போட்டன. 1938இல் 3,500 பவுண் இழப்பீடு என்று தீர்ந்தது. அதற்கு முன்பே சஞ்சிகை நின்றுபோயிருந்தது.

குழந்தைகளைச் சினிமா எப்படிப் பயன்படுத்துகிறது என்ற அவர் கவலை நியாயமான கவலை என்று இன்று சொல்பவர்கள் உண்டு. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கவலையைப் படத்தை எடுத்தவர்கள் மேல் வைத்து எழுதியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் உடலை வருணித்து எழுத வேண்டியதில்லை. உளவுப் படங்களில் பெண்களைக் காட்சிப் பொருளாக வைப்பது வழக்கம். 'விக்ரம்' அதற்கு விலக்கல்ல. அதைக் கண்டித்து எழுதுங்கள், நடிகையை வருணித்து எழுதாதீர்கள்.

செய்யுங்கள்: பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் கேளுங்கள்

நம் போரைத் தொட்ட உளவுப் படங்கள் இரண்டு பெரிய கொந்தளிப்பை உண்டாக்கின. 2013இல் 'மெட்ராஸ் கஃபே', 2021இல் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பாகம். இரண்டும் நாவலிலிருந்து வந்தவை அல்ல, முழு எள்ளலும் அல்ல. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பு நமக்குப் பாடம். தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் கஃபே' படமாளிகைக்கே வரவில்லை. பார்க்காமலே எழுதப்பட்ட கண்டனங்கள் ஏராளம். பார்த்தவர்களில் சிலரோ, கதை விறுவிறுப்பாக இருக்கிறது, ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், அதில் காட்டப்படும் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டும் விமர்சனம் ஆகாது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். அந்த நியாயத்தைப் படத்திலுள்ள காட்சியை எடுத்துக்காட்டி நிறுவுங்கள்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒருவரும் முல்லைத்தீவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் ஒருவரும் ஒரே காட்சியை ஒரே மாதிரிப் பார்க்கமாட்டார்கள். மலையகத்திலிருந்து வந்து ஆமர் வீதிக் கடையில் நிற்பவர் வேறு மாதிரிப் பார்ப்பார். எழுதுமுன் ஒருவரோடாவது கதையுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

நாவலைப் படியுங்கள். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று முதல் பந்தியிலேயே சொல்லுங்கள். படித்ததுபோல் எழுதினால் இரண்டாம் வரியில் பிடிபடும்.

இணையத்தில் வரும் சதவீதத்தையும் நட்சத்திரத்தையும் விமர்சனத்துக்குள் கொண்டுவராதீர்கள். எள்ளல் படத்துக்கு 60 சதவீதம் என்றால், பத்தில் ஆறு பேருக்குப் பிடித்தது, மற்றவர்களுக்குக் கோபம் வந்தது என்றும் பொருள் இருக்கலாம்.

புதிய படத்தின் முடிவைச் சொல்லாதீர்கள். பழைய படமானாலும் உளவுக் கதையில் கடைசித் திருப்பத்தைப் பார்வையாளருக்கு விட்டுவிடுங்கள். ஹவானாவின் பொய் வெளிப்பட்ட பிறகு லண்டன் தலைமையகம் தன் அவமானத்தை மறைக்க என்ன செய்கிறது என்பதை நானும் இங்கே சொல்லவில்லை.

டப்பிங் செய்த பிரதியைப் பார்த்து எள்ளலை எடைபோடாதீர்கள். குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் பாதி எள்ளல் இருக்கிறது. மூலமொழியில், எழுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

முன்னோடிகளைப் படியுங்கள். கே.எஸ். சிவகுமாரன் பல பத்தாண்டுகள் கொழும்பிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் உலகப் படங்களைப் பற்றி எழுதினார். கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். சென்னையில் யாரோ எழுதியதை வெட்டி ஒட்டுவதற்கு முன் இவர்களைப் படித்தால், இங்கிருந்து எழுத என்ன இருக்கிறது என்று தெரியும்.

செய்யுங்கள்: சில வருடம் கழித்து அதே படத்தை மறுபடி பாருங்கள்

எள்ளல் படங்களின் மதிப்பு காலத்தோடு மாறும். 1959இல் கியூபா மலைக்குள் இரகசிய ஆயுத நிலையம் என்பது வெறும் பகிடி. 1962 ஒக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் உண்மையிலேயே கியூபாவில் நிற்பதை விமானப் படங்கள் காட்டின. உலகம் அணுவாயுதப் போரின் விளிம்புக்குப் போனது. அதன் பின் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வேறு படத்தைப் பார்த்தார்கள். ஜோன் லெ கரே 1996இல் 'பனாமாவின் தையற்காரர்' எழுதியபோது, கிரீனின் நாவல் இல்லாமல் தன் நாவல் இல்லை என்று வெளிப்படையாக நன்றி சொன்னார். அதுவும் 2001இல் ஜோன் பூர்மன் இயக்கத்தில் படமானது. அன்று ஜேம்ஸ் பொண்டாக நடித்துக்கொண்டிருந்த பியர்ஸ் பிரோஸ்னனையே அதில் அயோக்கிய உளவாளியாக நடிக்க வைத்தார்கள்.

'விக்ரம்' படமும் அப்படித்தான். 1986இல் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடாத படம். 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரை, அதே உளவாளியை, அதே தலைப்புப் பாட்டை எடுத்துப் புதிய படம் செய்தபோது, பழைய படத்தைத் தேடிப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அதைக் காலத்தை முந்திய படம் என்று கொண்டாடினார்கள். கணினியும் ஏவுகணையும் வந்த முற்பாதிக்கு அந்தப் புகழ் பொருந்தும். சலாமியாவுக்குப் பொருந்தாது. பழைய படத்தின் மேல் வரும் பாசத்தில் பழைய குறையை மறந்துவிடாதீர்கள்.

செய்யாதீர்கள்: எழுதியதை வீட்டில் வைத்திருக்காதீர்கள்

அறுநூறு சொல் போதும். கதைச் சுருக்கம் நூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். எந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். படம் வந்த ஆண்டு, இயக்குநர், நாவலாசிரியர், எந்த மொழியில் பார்த்தீர்கள் என்பவற்றைத் தவறாமல் எழுதுங்கள். ஞாயிறு வீரகேசரிக்கோ தினக்குரலுக்கோ அனுப்புங்கள். போடவில்லை என்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையிலோ அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, வாசிக்க நேரம் கேளுங்கள். அங்கே உங்களைவிட மூத்தவர் ஒருவர் எழுந்து நீங்கள் சொன்னதை மறுப்பார். உட்கார்ந்து கேளுங்கள், பிறகு உங்கள் விமர்சனத்தைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.